கூரைமேல் சூரிய மின்தகடு: காற்றுக்கு அசையாமல் பொருத்தும் முறை

(வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் எழுதியது)

சூரியன் நம் கிராமங்களுக்குப் புதியவன் அல்லன். நெல்லையும் மிளகாயையும் உலர்த்துவதும், உப்பளத்தில் உப்பை விளைவிப்பதும், மரக்கன்றை மரமாக்குவதும் அவன் ஒளியே. அவ்வொளியை நேரே மின்சாரமாக மாற்றும் சிலிக்கான் மின்கலத்தை 1954-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் பெல் ஆய்வுக்கூடத்தார் உலகிற்குக் காட்டினர். அன்று ஆய்வுக்கூடத்து அதிசயமாக இருந்தது இன்று நம் ஊர்க் கூரைகளில் ஏறியுள்ளது. தமிழ்நாட்டில் 2011-12-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பசுமை வீடுகள் திட்டம், 300 சதுர அடி வீட்டோடு சூரிய ஒளி விளக்குகளையும் ஏழைக் குடும்பங்களுக்கு அளித்தது. 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய பிரதம மந்திரி சூரிய வீடு திட்டம் ஒரு கோடி வீடுகளை இலக்காகக் கொண்டது. அதில் முதல் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் அமைப்போருக்கு உச்ச அளவாக 78,000 ரூபாயும் மானியமாக வகுக்கப்பட்டன.

மானியம் பெறும் வழியைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டனர். தகட்டைக் கூரையில் எவ்வாறு நிலைநிறுத்துவது என்பதைப் பற்றி எழுதியவர் சிலரே. ஆயினும் 25 ஆண்டுகள் உழைக்கவேண்டிய ஒரு சாதனம் நிலைப்பதும் வீழ்வதும் அதன் கால்களைப் பொறுத்தது. காற்றில் பெயர்ந்த தகடு தான் மட்டும் உடைந்து ஒழிவதில்லை, கூரையையும் பெயர்க்கிறது, அடுத்த வீட்டின் மேல் விழுகிறது, வழியில் செல்வோரின் உயிருக்கும் உலை வைக்கிறது. எனவே, "சோலார் பேனல்" என ஊரார் வழங்கும் சூரிய மின்தகட்டைப் பொருத்தும் முறையைக் கிராமப் பெரியோர்களும், வீட்டுக்காரர்களும், கொத்தனார்களும், வெல்டர்களும் ஒருங்கே அறிந்திருத்தல் அவசியம்.

1. காற்றின் வலிமை

"ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்" என்பது நம் முன்னோர் மொழி. பொறியியல் கணக்கு அம்மொழியை உறுதி செய்கிறது.

இப்போது பரவலாக விற்கப்படும் 540 வாட் தகடு ஒன்று சுமார் 2.28 மீட்டர் நீளமும் 1.13 மீட்டர் அகலமும் உடையது. பரப்பு ஏறத்தாழ 2.6 சதுர மீட்டர். எடை சுமார் 28 கிலோ. இருவர் எளிதில் தூக்கும் இவ்வெடையைக் கண்டு, கூரை இதைத் தாங்குமா என்றே பலரும் வினவுகின்றனர். தாங்குவது பெரிதல்ல. காற்று இதைத் தூக்கும்போது கூரை இதை விடாமல் பிடித்திருக்குமா என்பதே வினவத்தக்கது.

கட்டடங்கள் மீது காற்று செலுத்தும் விசையைக் கணக்கிட ஐ.எஸ். 875 என்னும் இந்தியத் தரநூலின் மூன்றாம் பகுதி வழிகாட்டுகிறது. அது 2015-ஆம் ஆண்டில் திருத்தி வெளியிடப்பட்டது. அதன்படி அடிப்படைக் காற்று வேகம் சென்னைக்கு வினாடிக்கு 50 மீட்டர், திருச்சிராப்பள்ளிக்கு 47, மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் 39. மணிக்கணக்கில் கூறின் முறையே 180, 169, 140 கிலோமீட்டராகும். வேகத்தை வேகத்தாலேயே பெருக்கி, வந்த தொகையை 0.6-ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டர் மீது விழும் அழுத்தம் நியூட்டன் அளவில் கிடைக்கும். 50 மீட்டர் வேகத்திற்கு இது 1,500 நியூட்டன்; அதாவது சுமார் 150 கிலோ எடைக்குச் சமம். 39 மீட்டர் வேகத்திற்குச் சுமார் 93 கிலோ.

இவ்வழுத்தம் முழுவதும் தகட்டின் அடியில் புகுந்து மேல் நோக்கித் தள்ளுவதாகக் கொள்வோம். சென்னைக் கரையோரத்தில் 28 கிலோ எடையுள்ள ஒரு தகட்டை ஏறத்தாழ 390 கிலோ விசை தூக்கும். மதுரையிலும் அது 240 கிலோவாகும். கூரையின் ஓரங்களிலும் மூலைகளிலும் காற்றின் உறிஞ்சு விசை இன்னும் மிகுதி. காற்று இரு மடங்கு வேகமானால் விசை நான்கு மடங்காகும் என்பதையும் மறத்தலாகாது. "இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே" என்று சாதாரணக் காற்றில் பெற்ற அனுபவம் புயல் நாளில் துணைக்கு வாராது.

2011 டிசம்பர் 30-இல் கடலூர்ப் பகுதியைத் தாக்கிய தானே, 2016 டிசம்பர் 12-இல் சென்னையைத் தாக்கிய வர்தா, 2018 நவம்பர் 16-இல் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா ஆகிய புயல்கள் நம் நினைவிலிருந்து அகலா. கடற்கரை மாவட்டத்தாருக்கே இக்கவலை என்று உள்நாட்டார் எண்ணலாகாது. பாலக்காட்டுக் கணவாய், செங்கோட்டைக் கணவாய், ஆரல்வாய்மொழிக் கணவாய் ஆகியவற்றின் வழியே ஆனி, ஆடி மாதங்களில் வீசும் காற்று நாள்தோறும் தகட்டை அசைத்து அசைத்து நட்டுகளைத் தளர்த்தும். புயல் ஒரு நாளில் செய்வதை இது சில ஆண்டுகளில் செய்துவிடும்.

2. இடத்தையும் சாய்வையும் தேர்தல்

ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழலற்ற இடம் வேண்டும். தென்னை மட்டை, தண்ணீர்த் தொட்டி, அடுத்த வீட்டுச் சுவர் ஆகியவற்றின் நிழல் காலை 9 மணி முதல் மாலை 3 மணி வரையிலேனும் விழாதிருத்தல் நன்று. தகடுகள் தொடராக இணைக்கப்படுவதால் ஒன்றின் மீது விழும் நிழல் மற்றவற்றின் உற்பத்தியையும் குறைக்கும்.

தகடு தெற்கு நோக்கிச் சாய்ந்திருத்தல் வேண்டும். தமிழ்நாடு 8 முதல் 13½ பாகை வரையிலான அட்சரேகைகளில் அமைந்துள்ளது. ஆகவே 10 முதல் 15 பாகைச் சாய்வு போதும். அச்சாய்வில் மழைநீர் தூசியைக் கழுவிக்கொண்டு ஓடும். அதற்குமேல் சாய்த்தால் மின்சாரம் கூடுவதில்லை. காற்றுக்கு எதிரே பிடித்த பாய்போல் விசையே கூடும். கூரை விளிம்பிலிருந்து குறைந்தது ஒன்றரை அடி உள்ளே தள்ளிப் பொருத்துக. ஓரத்துக் காற்றிலிருந்து காப்பதோடு, துப்புரவு செய்வோர் நின்று பணியாற்றவும் அவ்விடம் உதவும்.

தகட்டுக்கும் கூரைக்கும் இடையே 4 முதல் 6 அங்குல இடைவெளியேனும் இருத்தல் வேண்டும். வெப்பநிலை ஒவ்வொரு டிகிரி உயரும்போதும் தகட்டின் திறன் ஏறத்தாழ 0.3 முதல் 0.4 சதவீதம் குறைகிறது. அடியில் காற்றோட்டம் இருந்தால் தகடு குளிர்ந்து நல்ல பலனைத் தரும்.

3. கூரைக்கேற்ற முறை

(அ) கான்கிரீட் தளம்

கான்கிரீட் தளமே மின்தகட்டிற்கு மிக ஏற்றது. எனினும் இங்கு ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். நம் பக்கத்து மாடிகளில் கண்ணுக்குத் தெரியும் தரை கான்கிரீட் அன்று. கான்கிரீட் பலகத்தின்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து 3 அங்குலம் போல் தளம் இட்டு, அதன்மேல் தட்டோடு பதித்திருப்பர். 4 அங்குல ஆங்கர் போல்ட்டை மேலிருந்து அடித்தால் அதன் பெரும்பகுதி சுண்ணாம்புத் தளத்திலேயே நின்றுவிடும், பலகத்தைப் பற்றாது. பார்வைக்குப் போல்ட் இறுகியிருக்கும். புயலில் வேரற்ற செடிபோல் பிடுங்கிக்கொண்டு வரும். போதாக்குறைக்குத் தட்டோட்டில் விழுந்த ஓட்டை வழியே மழைநீர் இறங்கிப் பலகத்தின் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும்.

செவ்விய முறை வருமாறு: தூண் நிற்கும் இடங்களில் மட்டும் ஓர் அடிச் சதுரத்திற்குத் தட்டோட்டையும் சுண்ணாம்புத் தளத்தையும் வெட்டி எடுத்துக் கான்கிரீட்டை வெளிப்படுத்துக. பலகத்தின் கனம் பெரும்பாலும் 4 முதல் 5 அங்குலமே. அதைத் துளைத்து அடிப்புறம் வெளிப்படாதவாறு 2½ முதல் 3 அங்குலம் வரை துளையிட்டு, துளையின் தூசியை ஊதி அகற்றி, ரசாயனப் பசையிட்டுக் கம்பிகளை நடுக. அக்கம்பிகளைச் சுற்றி ஓர் அடிக் கனக் கட்டையைக் கான்கிரீட்டில் வார்த்து, அதன் தலையில் போல்ட்டுகளைப் புதைத்துவிடுக. கட்டையும் தளமும் சந்திக்கும் இடத்தைச் சுற்றி நீர்புகாக் கலவையால் சரிவாகப் பூசி, வாரம் முழுதும் நீர் விட்டுப் பதப்படுத்துக. தளத்தின் வாட்டத்தைக் கட்டைகள் மறித்து நீர் தேங்காதவாறு அவற்றை அமைத்தல் வேண்டும்.

தளத்தைத் துளைக்க மனமில்லாதோர் கட்டைகளைத் தளத்தின்மேல் வெறுமனே வைத்து அவற்றின் பளுவையே நம்புவதுண்டு. கணக்கைப் பாருங்கள். 30 சென்டிமீட்டர் கனக் கட்டை ஒன்றின் எடை சுமார் 65 கிலோ. 390 கிலோ விசைக்கு எதிராக ஒரு தகட்டுக்கு 6 கட்டைகள் வேண்டும். ஆனால் 4 கட்டைகளின்மேல் இரண்டு தகடுகள் நிற்பதையே பல இடங்களில் காண்கிறோம். பளுவை நம்பும் முறை தவறன்று. பளு போதாமையே தவறு.

துணி உலர்த்தவும் வற்றல் காயவைக்கவும் மாடியில் இடம் வேண்டும் என்று, தகடுகளை 8 அடி உயரத்தில் பந்தல்போல் அமைப்பது இப்போது வழக்கமாகியுள்ளது. விருப்பம் நியாயமானதே. ஆனால் உயரம் கூடக் கூடக் காற்று தூண்களின் அடியை நெம்புகோல்போல் நெம்பும். இவ்வமைப்பில் தூண்களுக்கிடையே இரு திசைகளிலும் பெருக்கல் குறிபோல் குறுக்குக் கம்பிகள் இன்றியமையாதன. அவை இல்லாத பந்தல் எத்துணைக் கனமான இரும்பால் அமைந்தாலும் ஆடும். ஆடுவது அடியைத் தளர்த்தும்.

(ஆ) ஓட்டு வீடு

ஓடு மழையைத் தடுப்பதற்கு உரியது. சுமையைத் தாங்குவதற்கு உரியதன்று. ஆகவே தகட்டின் பிடி ஓட்டைக் கடந்து கைமரத்தைச் சேர வேண்டும். சீமை ஓட்டுக் கூரையில் கைமரத்தின்மேல் உள்ள ஓட்டை நீக்கி, வளைந்த இரும்புக் கொக்கியைக் கைமரத்தோடு இரண்டு நீண்ட மறையாணிகளால் முடுக்கி, கொக்கி வெளிவருமிடத்தில் ஓட்டின் அடிவிளிம்பைச் சிறிது தேய்த்து, ஓட்டை மீண்டும் இருத்துதல் வேண்டும். கொக்கி ஓட்டின்மேல் அமர்ந்து அழுத்தலாகாது. அழுத்தினால் ஓடு விரியும்.

இப்பணிக்கு முன் ஆசாரியைக் கொண்டு கைமரங்களைச் சோதித்தல் அவசியம். கறையான் அரித்த மரமும், சுவர்த் தலையில் நனைந்து உளுத்த மரமும் ஆணியைப் பற்றா. கைமரம் சுவரோடு கட்டப்பட்டுள்ளதா என்பதையும் பார்க்க. தகடு கைமரத்தைப் பற்ற, கைமரத்தைச் சுவர் பற்றாதிருந்தால் கூரை முழுவதும் எழும்பும். நாட்டு ஓடு வேய்ந்த வீடுகளிலும், பழைய மச்சு வீடுகளிலும் கூரையில் கைவைக்காமல் தரையில் தாங்கி அமைப்பதே அறிவுடைமை.

(இ) தகரம், கல்நார், கூரை வீடு

தகரக் கூரையில் தாங்கியை அடியிலுள்ள இரும்புச் சட்டத்தோடு சேர்த்து முடுக்க வேண்டும். துளை தகட்டின் மேட்டில் அமைய வேண்டும். நீர் ஓடும் பள்ளத்தில் அமைதல் கூடாது. ஒவ்வோர் ஆணிக்கும் வெயிலைத் தாங்கும் ரப்பர் வாஷர் வேண்டும்.

ஆஸ்பெஸ்டாஸ் எனப்படும் கல்நார்க் கூரையில் தகடு பொருத்துதல் தகாது. வெயிலிலும் மழையிலும் கிடந்த கல்நார் அட்டை மனிதன் கால் வைத்தாலே உடைந்து ஆளை உள்ளே வீழ்த்தும். அதைத் துளையிடும்போது எழும் நுண்ணிய தூசி நுரையீரலுக்குக் கொடிய தீங்கு செய்வது. அத்தகைய வீட்டார் சுவரிலிருந்தோ தரையிலிருந்தோ எழும் தனித் தூண்களை நாடுக. கீற்று வேய்ந்த வீட்டில் தீ அபாயமும் உண்டாதலால் கூரையில் தகடும் மின்கம்பியும் அறவே கூடா.

(ஈ) கண்ணாடியிழைக் கூரை

வெளிச்சத்திற்காகக் கூரையில் இடும் கண்ணாடியிழை அட்டை எப்பாரத்தையும் தாங்காது. ஆனால் கண்ணாடியிழையால் உடல் அமைந்த நடமாடும் வண்டிகளிலும் சிறு அறைகளிலும் தகடு பொருத்த வேண்டிய தேவை எழுகிறது. நடமாடும் மருத்துவ வண்டியில் மருந்துக் குளிர்பெட்டிக்கும் விளக்குக்கும் இது பெரிதும் உதவும்.

இக்கூரையின் கனம் சில மில்லிமீட்டரே. மரத்தைப்போல் இது மறையாணியைப் பற்றாது. வண்டியின் அதிர்வில் ஆணி துளையை விரித்துக்கொண்டு கழன்றுவிடும். எனவே கூரையின் முழுக் கனத்தையும் ஊடுருவிச் செல்லும் போல்ட்டை இட்டு, உட்புறத்தில் உள்ளங்கை அகலத்திற்குக் குறையாத உலோகத் தகடு வைத்து நட்டை முடுக்க வேண்டும். அவ்வகலம் விசையைப் பரப்பிக் கூரை கிழியாமல் காக்கும். முடிந்தவரை போல்ட்டுகள் கூரையின் உள்விலாக்களை ஒட்டி அமையட்டும். நடுத்துளை இடுமுன் உள்ளே ஓடும் மின்கம்பியைக் கண்டறிக. துளையிலும் தாங்கியின் அடியிலும் நெகிழ்தன்மை கெடாத பாலியூரித்தேன் பசையை நிரப்புக.

துளையிடாமல் பசை ஒன்றாலேயே ஒட்டுவதும் உண்டு. அதற்கு மேற்பரப்பின் மெழுகையும் பழைய வண்ணத்தையும் உப்புத்தாளால் தேய்த்து, கரைப்பானால் துடைத்து, முற்றும் உலர்ந்தபின் ஒட்ட வேண்டும். பசை பற்றுவது அடியிலுள்ள பரப்பையே. அப்பரப்பு உரிந்தால் தகடும் உரிந்து வரும். ஆதலின் ஓடும் வண்டிக்குப் போல்ட்டும் பசையும் சேர்ந்திருத்தலே நன்று. 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டியின் எதிர்க்காற்று சதுர மீட்டருக்குச் சுமார் 30 கிலோ விசையைத் தரும். புயலோடு ஒப்பிட அது சிறிது. ஆயின் ஓயாத அதிர்வு அதனோடு சேர்கிறது. தானே கழலாத நைலான் நட்டுகளை இட்டு, முதல் பயணம் முடிந்ததும் மீண்டும் சோதிக்க.

4. தரையில் தாங்கி

கூரை தகுதியற்றதெனின் மனம் தளர வேண்டுவதில்லை. கொல்லையில் நிழலற்ற மூலை ஒன்று போதும். இரண்டு தகடுகளுக்கு நான்கு கால்கள். ஒவ்வொரு காலுக்கும் ஒன்றரை அடிச் சதுரத்தில் 3 அடி ஆழக் குழி. அது நிறைய கான்கிரீட். ஓர் அடித்தளத்தின் எடை சுமார் 435 கிலோ; நான்கிற்கு 1,740 கிலோ. இரண்டு தகடுகளைத் தூக்கும் 780 கிலோ விசையைப்போல் இரு மடங்கிற்கும் மேலான காப்பு இது. கால்நடை உரசாமலும் குழந்தைகள் தொடாமலும் வேலி இடுக.

5. இரும்பும் இணைப்பும்

தாங்கி இரும்பு உருகிய துத்தநாகத்தில் முழுதும் தோய்த்தெடுத்ததாக இருத்தல் வேண்டும். வண்ணம் பூசிய வெற்று இரும்பு கடற்காற்றில் சில ஆண்டுகளே நிற்கும். தோய்த்தபின் வெல்டு வைத்தாலோ துளையிட்டாலோ அவ்விடத்தில் துத்தநாகப் பூச்சு மீண்டும் பூசுக. நட்டும் போல்ட்டும் துருவேறா எஃகாக இருக்கட்டும். தகட்டின் அலுமினியச் சட்டமும் இரும்பும் ஈரத்தில் நேரே தொட்டால் அலுமினியம் அரிக்கப்படும். இடையே ரப்பர் அல்லது நைலான் துண்டு இடுக.

தகட்டின் சட்டத்தில் புதிய துளை இடுதல் கூடாது. இட்டால் உற்பத்தியாளரின் உத்தரவாதம் இழக்கப்படும். முன்பே உள்ள துளைகளில் போல்ட் இடுக. அன்றேல் உற்பத்தியாளர் குறித்துள்ள இடங்களில் கிளாம்பு இடுக. ஒவ்வொரு தகட்டையும் நான்கு இடங்களிலேனும் பிடித்தல் வேண்டும்.

தாங்கியையும் தகட்டுச் சட்டங்களையும் நில இணைப்புச் செய்க. இடிதாங்கிக்குத் தனிக் குழி வேண்டும். வெளிச்சம் உள்ளவரை தகட்டில் மின்சாரம் உண்டு. வீட்டு மெயின் சுவிட்சை அணைத்ததனால் மட்டும் அது நீங்கிவிடாது. ஆகவே கம்பி இணைப்புகளைப் பயிற்சி பெற்றவரே தொடுதல் வேண்டும். கூரையில் ஏறுவோர் இடுப்பில் கயிறு கட்டாமல் ஏறலாகாது. ஈரக் கூரையில் ஏறவே கூடாது.

6. பணம் கொடுக்குமுன் கேட்க வேண்டியவை

வேலை முடிந்ததும் கையொப்பம் கேட்கின்றனர், பெற்றுச் செல்கின்றனர். பிறகு குறை கண்டால் பயன் சிறிதே. ஆகவே வேலை தொடங்குமுன் கீழ்க்கண்டவற்றை எழுத்தில் பெறுக:

1. இவ்வூரின் எக்காற்று வேகத்திற்குத் தாங்கி கணக்கிடப்பட்டது?
2. போல்ட் எதைப் பற்றுகிறது? கான்கிரீட்டையா, சுண்ணாம்புத் தளத்தையா, கைமரத்தையா, ஓட்டையா?
3. துத்தநாகத்தில் தோய்த்த இரும்பா, வண்ணம் பூசிய இரும்பா?
4. கூரை ஒழுகினால் எத்தனை ஆண்டுகள் வரை யார் சரிசெய்வர்?
5. தகட்டின் உத்தரவாதம் தாங்கிக்கும் உண்டா?

துளையிடும் நாளில் வீட்டார் ஒருவர் உடனிருந்து, கட்டை வார்க்குமுன் கம்பி பலகத்தில் இறங்கியுள்ளதைக் கண்ணால் காணவேண்டும். வார்த்தபின் அதனைக் காண வழியில்லை. ஐயம் எழுந்தால் ஊராட்சி ஒன்றியப் பொறியாளரையோ பணி மேற்பார்வையாளரையோ கலந்து கொள்ளலாம். பள்ளி, அங்கன்வாடி, ஊராட்சி அலுவலகம் ஆகிய பொதுக் கட்டடங்களில் இச்சோதனை ஒருபோதும் விடுபடலாகாது. அவற்றின் கீழே நிற்போர் நம் குழந்தைகள்.

7. பராமரிப்பு

ஆண்டுக்கு இருமுறை சோதனை போதும். வைகாசி இறுதியில், மேல்காற்றுக்கு முன் ஒரு முறை. புரட்டாசியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன் மற்றொரு முறை. நட்டுகளை முடுக்குக, துருவைத் தேய்த்துப் பூசுக, கட்டையின் அடியில் வெடிப்பு உண்டா என நோக்குக. தகட்டைக் கையால் அசைத்துப் பார்த்து, சிறிதேனும் ஆடினால் காரணம் கண்டு களைக. தகட்டைக் காலை வேளையில் நல்ல நீரால் கழுவுக. உச்சி வெயிலில் சூடேறிய கண்ணாடிமேல் குளிர்ந்த நீர் ஊற்றலாகாது. புயல் எச்சரிக்கை வந்தபின் கூரையில் ஏறிக் கயிறு கட்டுவது உயிரோடு விளையாடுவதாகும். செய்யவேண்டியதை வெயில் நாளிலேயே செய்து முடிக்க.

நம் கிராமத்தார் வீடு கட்டுகையில் அடித்தளம் தோண்டும் நாளில் உறவினரை அழைத்துப் பூசை செய்கின்றனர். மேலே எழும் சுவரின் பெருமை கீழே மறைந்துள்ள கல்லைப் பொறுத்தது என்பதை அறிந்த மக்கள் நாம். சூரிய மின்தகட்டின் செலவில் தாங்கிக்கு ஆகும் பங்கு சிறிது. அச்சிறு பங்கில் சிக்கனம் பார்த்தால் முழு முதலும் காற்றோடு போகும். ஒவ்வோர் ஊராட்சியிலும் ஒரு கொத்தனாரும் ஒரு வெல்டரும் இம்முறையை நன்கு கற்றுக்கொள்வார்களாயின் ஊருக்கு ஒளியும் கிடைக்கும். ஊராருக்கு வேலையும் கிடைக்கும். ஊராட்சித் தலைவர்களும் மகளிர் சுய உதவிக் குழுவினரும் இதனைக் கிராம சபையில் எடுத்துரைத்து ஆவன செய்வார்களாக.